வலப்பனை நெல்வரியும் தோட்டத்து அரிசித் தீர்வையும்

வலப்பனை என்ற பெயர் இலண்டன் மாநகரத்தில் அச்சான பிரசுரங்களிலே அடிபட்ட காலம் ஒன்றிருந்தது. நம் மலையின் அழகுக்காகவோ தேயிலையின் மணத்துக்காகவோ அன்று. இங்குள்ள சிங்களக் குடியானவர் வரி கட்ட இயலாமல் வயலை இழந்து பட்டினி கிடந்தனர் என்பதற்காக. இது நடந்து ஏறக்குறைய ஒன்றரை நூற்றாண்டு ஆகின்றது. இப்பகுதியிலே பிறந்து வளர்ந்த நம்மில் எத்தனை பேர் இதனைக் கேள்விப்பட்டிருக்கின்றோம்? பாதிரிமார் நடத்திய பாடசாலையில் படித்த என் போன்றோருக்கு இங்கிலாந்தின் தானியச் சட்டம் தெரியும். அமெரிக்காவின் சுங்கத் தகராறு தெரியும். வீட்டு வாசலில் நடந்த வரித் தகராறுதான் தெரியாது. அதனைக் கூடியவரை சொல்லி, அது தீர்ந்த விதத்தையும், தீர்ந்தபோது யார் கணக்கில் சேர்க்கப்படவில்லை என்பதையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் இவ்வூரின் அமைப்பை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். இராகலை, உடப்புசல்லாவைப் பக்கம் உயர்ந்த சரிவுகளில் தோட்டங்களும் லயங்களும். அங்கிருந்து மகாவலி கங்கையை நோக்கி இறங்கினால் படிப்படியாக வெட்டிய வயல்களும் சிங்களக் கிராமங்களும். மேலே இருப்பவன் நெல் விதைப்பதில்லை. கீழே இருப்பவன் தேயிலை பறிப்பதில்லை. ஒரே ஓடையின் நீரை இருவரும் குடித்தாலும், ஒருவர் உண்ணும் அரிசி காலடியில் விளைந்தது. மற்றவர் உண்ணும் அரிசி கடல் கடந்து வந்தது. இந்த ஒரு வேறுபாட்டிலேயே கதை முழுவதும் அடங்கியிருக்கின்றது.

1815இல் கண்டி இராச்சியம் ஆங்கிலேயர் கைக்கு மாறிற்று. 1817, 1818ஆம் ஆண்டுகளில் ஊவா, வெல்லசப் பகுதிகளில் மூண்ட கிளர்ச்சி வலப்பனையையும் சூழ்ந்தது. கிளர்ச்சியை அடக்கியபின் 1818 நவம்பர் 21ஆம் திகதி தேசாதிபதி வெளியிட்ட பிரகடனம், கண்டி நாட்டின் நிலவரியை நெல் விளைவில் பத்திலொன்று என்று பொதுவாக வகுத்தது. அரசுக்கு ஆதரவாய் நின்ற சில பகுதிகளுக்குப் பதினான்கில் ஒன்று என்று சலுகையும் காட்டிற்று. ஆகவே இந்த வரி தொடக்கத்திலேயே பிரதேசத்துக்குப் பிரதேசம் வேறுபட்டது. நட்பாய் இருந்தவனுக்கு ஒரு வீதம், எதிர்த்து நின்றவனுக்கு ஒரு வீதம் என்பதே அன்றைய அரசியல்.

பத்திலொன்று என்பது கேட்பதற்குப் பெரிய பாரமாகத் தோன்றாது. துன்பம் அது வசூலிக்கப்பட்ட முறையிலே இருந்தது. வசூலிக்கும் உரிமையை அரசாங்கம் ஏலத்தில் விட்டது. ஏலம் எடுத்த குத்தகைக்காரர் தாம் கட்டிய பணத்துக்கு மேல் எவ்வளவு சேர்த்தாலும் அது அவருக்கு இலாபம். பைபிள் படித்தவர்கள் ஆயக்காரர் என்றால் யாரென்று அறிவார்கள்; யூத நாட்டில் அவர்களை ஜனங்கள் வெறுத்ததற்குக் காரணமும் இதே ஏற்பாடுதான். குத்தகைக்காரர் வந்து மதிப்பிடும் வரை அறுத்த கதிரை அடிக்கவும் முடியாமல் குடியானவன் காத்திருப்பான். மழை வந்து கதிர் நனைந்தால் நட்டம் அவனுடையது.

இந்த அநியாயத்தை ஒழிக்கவென்றே 1878இல் தானிய வரிச் சட்டம் வந்தது. குத்தகைக்காரர் படிப்படியாக நீக்கப்பட்டனர். நெல்லாகக் கொடுத்த வரி காசாக மாற்றப்பட்டது. நல்ல எண்ணத்தோடு செய்யப்பட்ட சீர்திருத்தம் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் நெல்லுக்கும் காசுக்கும் உள்ள வேறுபாட்டைச் சட்டம் எழுதியவர்கள் போதிய அளவு எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை. நெல்லாகக் கொடுக்கும்போது விளைவு குறைந்தால் வரியும் தானே குறையும். காசாக ஆண்டுதோறும் இவ்வளவு என்று நிர்ணயித்துவிட்டால் மழை பொய்த்த ஆண்டிலும் அதே தொகையைக் கட்டவேண்டும். கட்டாவிட்டால் வயலை விற்று அரசாங்கம் பாக்கியை எடுத்துக்கொள்ளலாம் என்ற விதியும் இருந்தது.

குடியானவனுக்குக் காசு எங்கிருந்து வரும்? அக்காலத்தில் அதற்கு ஒரு வழி இருந்தது. தோட்டங்களில் மாத்திரமன்றிச் சிங்களக் கிராமங்களிலும் வீட்டைச் சுற்றிக் கோப்பிச் செடிகள் நின்றன. அவற்றில் காய்ப்பதை வியாபாரியிடம் விற்றுக் கிடைக்கும் பணமே உப்புக்கும் துணிக்கும் வரிக்கும் உதவியது. 1869இல் மடுல்சீமைப் பகுதியிலே கோப்பி இலைநோய் முதன்முதலாகக் காணப்பட்டது. பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்குள் மலைநாட்டுக் கோப்பி அழிந்தது. துரைமாரில் பலர் முறிந்து போயினர். 1884இல் ஓரியண்டல் வங்கியும் கதவடைத்தது. இந்தப் பக்கத்தைச் சரித்திர நூல்கள் விரிவாகவே சொல்லும். எஞ்சிய துரைமார் தேயிலைக்கும் சிங்கோனாவுக்கும் திரும்பினார்கள் என்றும் சொல்லும். கிராமத்தானின் கொல்லையிலே பட்டுப்போன பத்துச் செடியைப் பற்றி அவை அவ்வளவாகப் பேசுவதில்லை. அவனுக்குத் திரும்புவதற்கு வேறு பயிர் இல்லை. காசு வரும் வழி அடைபட்ட அதே வேளையில் வரி காசாகக் கேட்கப்பட்டது.

1880களின் முற்பாதியில் வலப்பனையில் வரிப் பாக்கிக்காக வயல்கள் விற்கப்பட்டன. பாக்கி சில ரூபாய். போனது தலைமுறை தலைமுறையாக உழுத நிலம். நிலமிழந்தவர் சிலர் பிற கிராமங்களுக்குப் பெயர்ந்தனர், சிலர் கூலிக்குப் போயினர், சிலர் மாண்டனர். அக்காலத்தில் நுவரெலியாவில் உதவி ஏஜண்டாயிருந்த லெ மெசூரியர் என்பவர் இந்நிலைமையை விசாரித்து மேலிடத்துக்கு எழுதினார். பசி கொன்றவர் எத்தனை பேர், காய்ச்சல் கொன்றவர் எத்தனை பேர் என்பது அன்றே பெரும் வாதத்துக்கு உள்ளாயிற்று. வரியை ஆதரித்தவர்கள் நோயின்மேல் பழியைப் போட்டார்கள். பட்டினி கிடந்த உடம்பில்தான் நோய் இலகுவில் புகும் என்பதற்கு வைத்திய சாஸ்திரம் படித்திருக்க வேண்டியதில்லை. எப்படியாயினும், ஓர் அரசாங்க உத்தியோகத்தரே தம் அரசாங்கத்தின் வரியால் ஜனங்கள் அழிகின்றனர் என்று எழுதியது சாதாரண விஷயமன்று.

இனி மேற்சரிவுக்கு ஏறுவோம். தோட்டத்துத் தமிழருக்கு நெல்வரி இல்லை, நெல்லும் இல்லை. அவர்கள் உண்ட அரிசி இந்தியாவிலிருந்தும் பர்மாவிலிருந்தும் கப்பலேறி வந்தது. கொழும்புத் துறைமுகத்தில் அதற்கு இறக்குமதித் தீர்வை உண்டு. அங்கிருந்து மாட்டுவண்டியில் மலையேறித் தோட்டத்து அரிசிக் களஞ்சியத்தைச் சேரும்போது தீர்வை, வண்டிக்கூலி, வியாபாரி இலாபம் எல்லாம் விலையில் ஏறியிருக்கும். அரிசியைத் தோட்டம் கொடுத்துப் பெயர்ப்பற்றில் எழுதிச் சம்பளத்தில் பிடித்துக்கொள்ளும். வயலுக்கு வரி கட்டிய சிங்களவனுக்குத் தான் வரி கட்டுவது தெரியும். அவன் கையில் ரசீதாவது இருந்தது. தோட்டத்தானோ தீர்வை என்ற சொல்லையே கேட்காமல் ஒவ்வொரு கவளத்திலும் தீர்வை கட்டினான். அவனுக்குத் தெரிந்ததெல்லாம் மாதக் கடைசியில் கைக்கு வந்த மிச்சம். பல மாதங்களில் அதுவும் வரவில்லை.

அரசாங்கத்தின் கண்ணில் இவ்விரண்டு வரிகளும் ஒரு தராசின் இரு தட்டுகள். உள்ளூர் நெல்லுக்கு வரி, வெளியூர் அரிசிக்குத் தீர்வை. இரண்டும் இருந்தால் எவருக்கும் பாரபட்சம் இல்லை என்பது அதன் வாதம். நெல்வரியை மாத்திரம் எடுத்துவிட்டால் அரிசித் தீர்வை உள்ளூர் விவசாயிக்குப் பாதுகாப்புச் சுவராகிவிடும். தடையற்ற வாணிகமே வேதம் என்று கொண்டிருந்த அன்றைய இங்கிலாந்துக்கு அது பெரும் பிழை. இரண்டையும் எடுத்தாலோ திறைசேரி தாங்காது. கோப்பி விழுந்த காலத்தில் பணம் வரும் வழிகள் ஏற்கெனவே சுருங்கியிருந்தன. முடிச்சு இதுதான்.

தேசம் முழுவதற்கும் பொதுவான ஒரு தீர்வை, ஒரு பிரதேசத்தை மாத்திரம் நசுக்குகின்றது என்ற வழக்கு உலகில் புதிதன்று. வலப்பனை வயல்கள் ஏலம் போவதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்னரே ஐக்கிய அமெரிக்கா இத்தகைய ஒரு தகராறால் உடைந்து போகும் நிலைக்கு வந்தது. அதனைச் சற்று விரிவாகச் சொல்வது நம் கதை விளங்குவதற்கு உதவும்.

1828இல் அமெரிக்கக் காங்கிரஸ் இறக்குமதிப் பொருள்களுக்கு மிக உயர்ந்த தீர்வை விதித்தது. வடக்கே ஆலைகள் இருந்தன. அந்நியச் சரக்கு விலையேறினால் ஆலை முதலாளிக்கு ஆதாயம். தெற்கே பருத்தி விளைந்தது; பருத்தியை இங்கிலாந்துக்கு விற்று அங்கிருந்து சாமான் வாங்கியவர்களுக்கு அதே தீர்வை நட்டம். தென் கரோலினா மாநிலத்தார் இதனை ‘அருவருப்பான தீர்வை’ என்று வைதனர். அம்மாநிலத்தவரும் நாட்டின் உபஜனாதிபதியுமான ஜோன் கல்ஹூன், தம் பெயரைப் போடாமலே ஒரு நீண்ட கண்டனத்தை எழுதிக்கொடுத்தார். அரசியலமைப்புக்கு மாறான சட்டத்தை ஒரு மாநிலம் தன் எல்லைக்குள் செல்லாதென்று அறிவிக்கலாம் என்பது அதன் சாரம். 1832இல் தீர்வை சிறிது குறைக்கப்பட்டது, அது போதவில்லை. அவ்வாண்டு நவம்பர் 24ஆம் திகதி தென் கரோலினாவில் கூடிய மகாநாடு, 1833 பெப்ருவரி முதலாந் திகதிக்குப் பின் இந்தத் தீர்வைகள் எங்கள் மண்ணில் செல்லா என்று பிரகடனம் செய்தது. ஜனாதிபதி ஆன்ட்ரூ ஜாக்ஸன் டிசம்பர் 10ஆம் திகதி, இது தேசத்துரோகம் என்னும் பொருள்பட மறுமொழி விடுத்தார். கல்ஹூன் பதவியைத் துறந்து செனற் சபைக்குப் போனார். இரு பக்கத்திலும் ஆயுதம் திரண்டது.

அப்பொழுது குறுக்கே வந்தவர் ஹென்றி கிளே. இவர் உயர்ந்த தீர்வையை ஆதரித்துப் பேர்பெற்றவர். அவரே குறைப்பதற்கு முன்வந்தார். நூற்றுக்கு இருபதுக்கு மேற்பட்ட தீர்வைகளைச் சிறிது சிறிதாகக் குறைத்து 1842இல் இருபதுக்குக் கொண்டுவருவது என்பது அவருடைய திட்டம். ஆலைக்காரருக்குத் தம்மைச் சரிப்படுத்திக்கொள்ள ஒன்பது ஆண்டு அவகாசம். பருத்திக்காரருக்கு ஒரு நிச்சயமான முடிவு. இந்தச் சமரசச் சட்டமும், தேவையானால் படையைக்கொண்டு தீர்வையை வசூலிக்க ஜனாதிபதிக்கு அதிகாரம் கொடுத்த சட்டமும் 1833 மார்ச் 2ஆம் திகதி ஒரே நாளில் கையொப்பமாயின. ஒரு கையில் கோல், மறு கையில் கரும்பு! தென் கரோலினா மார்ச் 15ஆம் திகதி தன் பிரகடனத்தை மீட்டுக்கொண்டது. மானம் போகாதிருக்க, மூன்று நாள் கழித்து அந்தப் படைச் சட்டத்தை மாத்திரம் செல்லாதென்று அறிவித்தது. இதை வாசிக்கும்போது எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் சமரசம் என்பது பெரும்பாலும் இப்படி இரு தரப்பாரும் தம் ஊருக்குத் தலைநிமிர்ந்து திரும்ப விடுவதுதான்.

பாடப் புத்தகம் இத்தோடு நிறுத்தும். நிறுத்தக் கூடாத இடம் அது. 1830ஆம் ஆண்டுக் கணக்குப்படி தென் கரோலினாவில் வாழ்ந்த 581,185 பேரில் 315,401 பேர் அடிமைகள். அந்தப் பருத்தியை விதைத்தவரும் பறித்தவரும் அவர்களே. மாநிலத்தின் உரிமை, மாநிலத்தின் துன்பம் என்று முழங்கியபோது மாநிலத்தில் பாதிக்கு மேற்பட்டோர் அந்தச் சொல்லுக்குள் இல்லை. கிளேயும் கல்ஹூனும் உடன்பட்டார்கள் என்றால், ஆலைக்காரரும் பருத்தி முதலாளிமாரும் உடன்பட்டார்கள் என்பதே பொருள். 1842இல் காங்கிரஸ் தீர்வையை மறுபடியும் உயர்த்திவிட்டது. அடிமைகளின் நிலை அவ்வளவு காலமும் மாறவில்லை.

இந்தக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இலங்கைக்குத் திரும்பினால் நம் வழக்கின் தரப்புகள் தெளிவாய்த் தெரிகின்றன. வலப்பனைக் குடியானவனுக்குத் தென் கரோலினாவைப் போலப் பிரகடனம் செய்ய மாநில சபை இல்லை. அவனுக்காகப் பேசியவர்கள் வேறு மனிதர்கள். அவர்களில் முக்கியமானவர் ஜோர்ஜ் வோல் என்னும் ஆங்கிலேயர். கோப்பித் தோட்டத்துரை, வியாபாரி, துரைமார் சங்கத்துக்குத் தலைவராக இருந்தவர். 1864இல் இராணுவச் செலவு பற்றிய வழக்கிலே சட்டநிருபண சபையிலிருந்து உத்தியோகப்பற்றற்ற அங்கத்தவர்கள் விலகியபோது முன்னின்றவர்களில் ஒருவர். இத்தகையவர் சிங்களக் குடியானவனுக்காக நெல்வரியை எதிர்த்து ஓயாது எழுதினார். கொழும்பில் இலங்கைத் தேசிய சங்கத்தாரும் குரல் கொடுத்தனர். 1846இல் இங்கிலாந்தின் தானியச் சட்டத்தை ஒழித்த ரிச்சர்ட் கொப்டனின் பெயரால் இலண்டனில் ஒரு கழகம் இருந்தது. ஏழையின் உணவுக்கு வரி கூடாது என்பது அதன் கொள்கை. வலப்பனை விவகாரம் அக்கழகத்தின் கைக்குப் போனபின் கொழும்பு அரசாங்கத்தால் அதனைக் கோப்புக்குள் மூடிவைக்க முடியவில்லை.

1883 முதல் 1890 வரை தேசாதிபதியாயிருந்த சேர் ஆர்தர் கோர்டன் வரியை விட்டுக்கொடுக்கவில்லை. அதன் வருமானத்தில் ஒரு பங்கை நீர்ப்பாசன வேலைகளுக்கு ஒதுக்கினார். குளத்தை நம்பிய தாழ்ந்த பிரதேசத்துக்கு அது பயன்பட்டிருக்கும். மலைச்சரிவில் ஓடைநீர் பாயும் வலப்பனைப் படிவயலுக்குக் குளக்கட்டால் என்ன பயன்? அவருக்குப் பின் வந்த சேர் ஆர்தர் ஹெவ்லொக் காலத்தில், 1892இல், நெல்வரி ஒழிக்கப்பட்டது. அரிசியின் இறக்குமதித் தீர்வை இருந்தபடியே இருந்தது.

இதனைச் சமரசம் என்று அழைக்கலாமா என்று கேட்கலாம். ஒரு மேசையைச் சுற்றி அமர்ந்து கையொப்பமிட்ட உடன்படிக்கை அன்று. ஆயினும் ஒவ்வொரு தரப்பும் ஒன்றைக் கொடுத்து ஒன்றைப் பெற்றது. குடியானவன் பேரால் வாதாடியவர்கள் கேட்டது கிடைத்தது. தீர்வை வருமானம் திறைசேரிக்கு மிஞ்சியது. தடையற்ற வாணிகம் பேசியவர்கள் இரண்டு உணவு வரிகளில் கொடியது ஒழிந்தது என்று ஆறுதல் கொண்டனர். நெல்வரி ஒழிந்தது நியாயமே. வயலை இழந்து மாண்டவர்களின் பிள்ளைகளுக்கு அது மிகவும் பிந்தி வந்த நியாயம். அதைத் தமிழன் என்பதற்காகக் குறைத்துப் பேச எனக்கு மனமில்லை.

ஆனால் தராசின் ஒரு தட்டை எடுத்தபின் மற்றத் தட்டு யார் தலையில் இறங்கிற்று? இறக்குமதி அரிசியையே நம்பி வாழ்ந்தவர் தலையில். நகரத்து ஏழையும் அவர்களில் அடங்குவான்; பெருந்தொகையினர் தோட்டத்து மக்கள். அரசாங்கம் அவர்களைப் பகைத்துச் செய்ததன்று. அவர்கள் கணக்கில் இல்லை, அவ்வளவுதான். 1889இல் சட்டநிருபண சபை திருத்தப்பட்டபோது கண்டிச் சிங்களவருக்கென்று முதன்முதலாக ஓர் ஆசனம் கிடைத்தது. முஸ்லிம்களுக்கும் ஒன்று கிடைத்தது. மூன்றாண்டு கழித்து நெல்வரி போயிற்று. அந்த ஆசனம் ஒன்றினால்தான் வரி போயிற்று என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் பேசுவதற்கு ஒரு நாற்காலி இருந்தது. துரைமாருக்கும் சபையில் இடமிருந்தது. தமிழர் ஆசனமும் இருந்ததே எனலாம். அது தேசாதிபதி தெரிவுசெய்யும் கனவான்களுக்குரியது. லயத்துக் கூரையின் கீழ் உறங்கியவர்க்கும் அவர்களுக்கும் இடையிலிருந்த தூரம் கொழும்புக்கும் இராகலைக்கும் உள்ள தூரத்திலும் அதிகம். இந்தியர் பிரதிநிதி என்று சபையில் ஆள் அமர்ந்தது 1920களிலேதான்.

துரைமாராவது அரிசித் தீர்வையை எதிர்க்கக் காரணம் உண்டல்லவா, அரிசி விலை ஏறினால் கூலியும் ஏறவேண்டுமே என்று ஒரு கேள்வி எழும். கேள்வி சரியானதே. கூலிக்காரன் கடனில் மூழ்கியிருந்தான் என்பதே அதற்கு விடை. கங்காணியின் கடனும் துண்டும் அவனைக் கட்டியிருந்த வரையில் அரிசி விலை ஏறினால் கூலி ஏறவேண்டிய அவசியம் இல்லை. கடன் ஏறினால் போதும். துண்டு முறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டதே 1921இல்தான்.

இது பழங்கதை என்று பெரியோர் சிலர் எண்ணக்கூடும். 2024 டிசம்பரில் அரிசித் தட்டுப்பாடு வந்தபோது அரசாங்கம் இறக்குமதிக்கு இடம் கொடுத்து, கிலோவுக்கு 65 ரூபா தீர்வையும் விதித்தது. நெல் விதைப்பவனுக்கு விலை விழக்கூடாது. அரிசி வாங்குபவனுக்கு விலை ஏறக்கூடாது. இரண்டும் நியாயமான கோரிக்கைகள். இரண்டையும் வைத்திருப்பவர்கள் வலப்பனையில் ஒரே பஸ்ஸில் ஏறிச் சந்தைக்குப் போகின்றனர். 1892இல் இல்லாத ஒன்று இன்று உண்டு. மேற்சரிவில் இருப்பவனுக்கும் கீழ்ச்சரிவில் இருப்பவனுக்கும் வாக்கு இருக்கின்றது. நம் இளைஞர் தமிழ்ப் பகுதிப் பிரச்சினை, சிங்களப் பகுதிப் பிரச்சினை என்று பிரித்துப் பார்க்குமுன் இந்த அரிசிக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்க்கலாம்.

தோட்டத்து அரிசிக்குச் சட்டம் விலை சொன்னது எப்பொழுது என்பதையும் சொல்லிவிடுகிறேன். இந்திய அரசாங்கத்தின் பிரதிநிதி கண்டியில் வந்தமர்ந்து தொழிலாளர் நிலையைக் கவனிக்கத் தொடங்கிய பிறகு, 1927ஆம் ஆண்டு 27ஆம் இலக்கச் சம்பளச் சட்டம் வந்தது. 1929 ஜனவரியில் அது நடைமுறைக்கு வந்தபோது மலைநாட்டு உயர்பகுதித் தோட்டத்தில் ஆணுக்கு நாட்கூலி 54 சதம், பெண்ணுக்கு 43 சதம் என்றும், அரிசி நிர்ணயிக்கப்பட்ட விலைக்குக் கொடுக்கப்பட வேண்டும் என்றும் விதித்தார்கள். நெல்வரி ஒழிந்து அப்போது முப்பத்தேழு ஆண்டுகள் ஆகியிருந்தன.